சர்வேக்களில் குடும்பங்களைத் தரம் பிரிக்கும் அட்டவணைகள்: ஒரு மதிப்பீடு

வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் சந்தை ஆய்வு சர்வேக்களில், பதில் தருபவரின் குடும்பத்தை எந்தச் சமூக-பொருளாதாரத் தரத்தில் வைப்பது என்பதை முடிவு செய்யும் அட்டவணைகளை இந்தியச் சந்தை ஆய்வுச் சங்கம் இதுவரை மூன்று முறை வகுத்திருக்கிறது. களப்பணியில் இவற்றைப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து சொல்வதானால், தொழிலைக் கேட்காத அட்டவணைதான் மூன்றிலும் எளிது. ஆனால் மூன்றிலும் குறைவாக நம்பத்தக்கதும் அதுவே.

1988இல் வந்த முதல் அட்டவணை, வீட்டின் முதன்மை வருவாயாளரின் தொழிலையும் கல்வியையும் பொருத்தி, நகரக் குடும்பங்களை ஏ1 முதல் ஈ2 வரை எட்டுத் தரங்களாகப் பிரித்தது. கிராமங்களுக்குக் கல்வியையும் வீட்டின் கட்டுமானத்தையும் கொண்டு தனி அளவுகோல் இருந்தது. இதில் சிக்கலெல்லாம் தொழிலைக் குறிப்பதில்தான். 'பிசினஸ்' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் தனியாளாகத் தையல் இயந்திரம் மிதிப்பவரா, ஐந்து பேரை வேலைக்கு வைத்திருப்பவரா என்று தோண்டிக் கேட்காவிட்டால் தரமே மாறிவிடும்.

2011இல் வந்த இரண்டாம் அட்டவணை தொழிலை அடியோடு நீக்கிவிட்டு, முதன்மை வருவாயாளரின் கல்வியோடு, மின் இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, வண்ணத் தொலைக்காட்சி, இருசக்கர வாகனம், குளிர்பதனப் பெட்டி, விவசாய நிலம் உள்ளிட்ட 11 பொருள்களில் எத்தனை இருக்கின்றன என்பதை மட்டும் கேட்டது. நகரத்தையும் கிராமத்தையும் ஒரே அளவுகோலில் கொண்டுவந்தது உண்மையான முன்னேற்றம். கேள்விகளும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் பொருள் எப்படி வீட்டுக்கு வந்தது என்று அது கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 2006க்குப் பின் அரசு இலவசமாக வண்ணத் தொலைக்காட்சியும் எரிவாயு அடுப்பும் வழங்கியதை நினைத்துப் பார்த்தால் இதன் விளைவு புரியும். எட்டாம் வகுப்பு வரை படித்தவரின் வீட்டில் மூன்று பொருள்கள் இருந்தால் டி1, ஐந்து இருந்தால் சி1. வருமானத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடாமலே ஒரு குடும்பம் இரண்டு படி ஏறிவிடுகிறது. நிலத்திலும் இதே குறை: அரை ஏக்கர் மானாவாரியும் பத்து ஏக்கர் நஞ்சையும் பட்டியலில் ஒரே ஒரு பொருளாகவே எண்ணப்படுகின்றன. மேலும், மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் வந்துவிட்டபின், அவை யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டுவதில்லை.

அண்மையில் வந்துள்ள மூன்றாம் வகைப்பாடு பொருள்களை விட்டுவிட்டு, முதன்மை வருவாயாளரின் தொழிலுக்குத் திரும்பியிருக்கிறது. அதோடு வீட்டில் அதிகம் படித்த ஆணின் கல்வியையும் அதிகம் படித்த பெண்ணின் கல்வியையும் தனித்தனியே கணக்கில் எடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான், ஏனென்றால் கட்டட வேலைக்குச் செல்லும் ஒருவரின் மகள் பட்டம் பெற்றிருப்பது அந்த வீட்டின் போக்கையே தீர்மானிக்கிறது. பழைய அட்டவணைகள் இரண்டிலும் அவளுக்கு இடமே இல்லை. முதன்மை வருவாயாளர் யார் என்று கேட்டால், மனைவியின் சம்பளத்தில் ஓடும் வீட்டிலும் கணவரின் பெயரையே சொல்லும் வழக்கம் மட்டும் இன்னும் தொடர்கிறது. யாருடைய பணம் வீட்டுச் செலவுக்கு அதிகம் போகிறது என்று கேட்கும்படி களப்பணியாளர்களைப் பழக்கினால்தான் இது சரியாகும்.

புதிதாக ஆய்வு தொடங்குபவர்கள் மூன்றாவதையே எடுத்துக்கொள்ளலாம். முந்தைய ஆண்டுகளின் முடிவுகளோடு ஒப்பிட வேண்டியவர்கள், மாற்றம் நிலைபெறும்வரை பொருள் பட்டியலையும் சேர்த்துக் கேட்டு, இரண்டு தரங்களையும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பதிந்துகொள்ள வேண்டும்.