டிபீவர் + லோக்கல் மைஎஸ்க்யூஎல்: நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை?

"டெர்மினலில் லாகின் ஆகிறது, டிபீவரில் மட்டும் 'பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவ்ட்' என்று வருகிறது. நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். (டிபீவர் என்பது மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ்களை ஜன்னலில் திறந்து வேலை செய்ய உதவும் இலவச டூல்.) இன்ஸ்டால், ஹோஸ்ட், போர்ட் 3306 எல்லாம் அவருக்கே தெரியும். எனவே நேராக எரிச்சலுக்கே வருகிறேன்.

மைஎஸ்க்யூஎல் 8.0 வந்ததிலிருந்து, அதாவது 2018 முதல், பாஸ்வேர்ட் சோதனைக்கு 'கேஷிங் ஷா2' தான் டீஃபால்ட். யூசர் ஒருமுறை முழுதாக லாகின் ஆகிவிட்டால் சர்வர் பாஸ்வேர்டின் ஹேஷை (திருப்பிப் படிக்க முடியாத வடிவத்தை) மெமரியில், அதாவது கேஷில், வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த லாகின் சுருக்கமாக முடிந்துவிடும். சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலோ, 'ஃப்ளஷ் பிரிவிலெஜஸ்' கமாண்டை ஓட்டினாலோ கேஷ் காலி. மறுபடி முழு பாஸ்வேர்டும் போக வேண்டும். எஸ்எஸ்எல் (என்கிரிப்ட் ஆன இணைப்பு) இருந்தால் அதன் வழியே போகும். இல்லாவிட்டால் சர்வரின் பப்ளிக் கீயை (பூட்ட மட்டும் உதவும் சாவியை) வாங்கி, அதைக் கொண்டு என்கிரிப்ட் செய்து அனுப்ப வேண்டும். எஸ்எஸ்எல் டேப்பில் டிக் போடாத கனெக்‌ஷனுக்கு டிபீவர் எஸ்எஸ்எல்லை அணைத்தே வைக்கிறது. டிபீவருக்காக சர்வரோடு பேசும் டிரைவரோ நாம் அனுமதிக்காமல் கீயை வாங்காது. நடுவில் மாட்டிக்கொள்வது நாம்.

அதனால்தான் டெர்மினலில் அதே யூசராக ஒருமுறை நுழைந்துவிட்டு வந்தால் டிபீவரும் தானாகச் சரியானது போலத் தெரியும். மெஷினை அணைத்துப் போட்டால் மறுபடி அதே பாட்டு.

தீர்வு: கனெக்‌ஷனில் ரைட் கிளிக், எடிட் கனெக்‌ஷன், டிரைவர் ப்ராப்பர்ட்டீஸ். அங்கே 'அலவ்பப்ளிக்கீரிட்ரீவல்' என்று ஒரே சொல்லாக இருப்பதை ட்ரூ ஆக்குங்கள். சொந்த லேப்டாப்புக்கு இது போதும். வெளியே இருக்கும் சர்வருக்கு இதைச் செய்யாதீர்கள். நடுவில் இருப்பவன் தன் கீயை நீட்டினாலும் டிரைவர் வாங்கிக்கொள்ளும். அங்கே எஸ்எஸ்எல் தான் வழி.

யூசரை பழைய 'நேட்டிவ் பாஸ்வேர்ட்' முறைக்கு மாற்றச் சொல்லும் பதில்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 8.4இல் அது டீஃபால்டாகவே அணைக்கப்பட்டுவிட்டது, 9.0இல் தூக்கியே விட்டார்கள்.

உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லின் ரூட்டாக (அட்மின் யூசராக) நுழைய முடியாவிட்டால் அது வேறு கதை. அங்கே ரூட்டுக்கு 'ஆத் சாக்கெட்': சூடோ போட்டு டெர்மினலில் வந்தால்தான் கதவு திறக்கும். டிபீவர் வருவது டிசிபி வழியாக, அதாவது நெட்வொர்க் வாசலில். பாஸ்வேர்டோடு தனி யூசர் ஒன்றை உருவாக்கி, தேவையான டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை கொடுங்கள்.

நெட் இல்லாத மெஷினில் டிரைவர் டவுன்லோடு தோற்கும். டிரைவரின் ஜார் ஃபைலை (அதன் ஜாவா ஃபைலை) பென்டிரைவில் கொண்டுவந்து டிரைவர் செட்டிங்ஸில் லைப்ரரீஸ் பகுதியில் சேர்க்கலாம்.

இதையெல்லாம் தாண்டிவிட்டால் சுகம்தான். கன்ட்ரோல்-என்டரில் கர்சர் நிற்கும் குவெரி மட்டும் ஓடுவது, டேபிளைத் திறந்ததும் ஃபாரின் கீ உறவுகள் (எந்த டேபிள் எதோடு இணைகிறது என்பது) ஈஆர் டயகிராம் என்ற படமாக விரிவது, போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூலைட்டும் இதே ஜன்னலில் இருப்பது... இலவசமாக இவ்வளவு யார் தருகிறார்கள்? (200 வரியோடு ரிசல்ட் நிற்பதைப் பார்த்து டேட்டா தொலைந்தது என்று பதறாதீர்கள், அது டீஃபால்ட் லிமிட்.)

ஆனாலும் இன்றைக்கு டிபீவருக்கு என் மார்க் 5க்கு 2. காரணத்தைச் சொல்லி, "அனுமதிக்கட்டுமா?" என்று ஒரு பட்டன் வைத்தால் தீர்கிற விஷயம் இது.

நண்பரே, கோபத்தில் டிபீவரை அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். கனெக்‌ஷன் விவரமெல்லாம் வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டரில் தனியாக இருக்கிறது; அதே எரர் அப்படியே திரும்பி வரும்.