பிராகில் ஒரு விடியற்காலைப் புகைப்பட நடை: நின்றவரை நன்று

செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரின் பழைய பகுதியைக் கேமராவும் கையுமாகச் சுற்றிக்காட்டும் மூன்று மணி நேர விடியற்காலை நடை ஒன்றில், கடந்த அக்டோபர் மாத நடுவில், 1,900 கொருனா (செக் நாணயம்) கட்டிச் சேர்ந்தேன். இத்தகைய நடைகளை அந்நகரில் பலர் நடத்துகிறார்கள். நான் சென்ற நிறுவனத்தின் பெயரைவிட, இப்படிப்பட்ட நடையில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதைத் தனியாகவே பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிவது வாசகர்களுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

காலை 6.30 மணிக்குச் சார்லஸ் பாலத்தின் கிழக்கு முனையிலுள்ள கோபுரத்தடியில் கூடினோம். ஜூன் மாதமாக இருந்தால் அங்கே 5 மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். அக்டோபர் நடுவிலோ 7.20 மணியை ஒட்டித்தான் உதயம் என்பதால், தூக்கத்தைப் பெரிதாகத் தியாகம் செய்யாமலே இருட்டு கலையும் நேரத்தைப் பிடித்துவிடலாம். பாலம் 516 மீட்டர் நீளம். நான்காம் சார்லஸ் மன்னர் 1357-இல் கட்டத் தொடங்கியது. வழிகாட்டி இந்த வரலாற்றை இரண்டே வாக்கியங்களில் முடித்துக்கொண்டு, எங்களைப் பாலத்தின் நடுப்பகுதிக்கு அழைத்துச் சென்று, ஒரே இடத்தில் நாற்பது நிமிடங்கள் நிறுத்திவைத்தார். கொடுத்த பணத்தில் பெரும்பகுதிக்கு இந்த நாற்பது நிமிடங்களே ஈடு.

பாலம் நேராகச் செல்வதுபோலத் தோன்றினாலும் உண்மையில் சற்றே வளைந்து செல்கிறது. அந்த வளைவில் நின்று தூரத்தை அருகில் இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் பார்த்தால், இரு கைப்பிடிச் சுவர்களிலும் நிற்கும் முப்பது சிலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி, வரிசையில் காத்திருக்கும் ஆட்களைப் போலத் தெரிகின்றன. கிழக்கே திரும்பினால் கோபுரம் கருநிழலாகவும், மேற்கே திரும்பினால் கோட்டை முகத்தில் வெயில் விழ விழச் சிவந்தும் காணப்படும். புகையும் காலமும் கறுக்கவைத்த மணற்கல்லைக் கண்டு கேமரா ஏமாந்து, படத்தைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கி வானத்தை வெளுக்கவைத்துவிடும் என்றும், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான், முந்தைய நாள் நான் எடுத்த படங்கள் ஏன் பல்லிளித்தன என்பது புரிந்தது.

சிலைகளில் மிகப் பழையது 1683-இல் நிறுவப்பட்ட நெபோமுக் ஜான் புனிதரின் வெண்கலச் சிலை. 1393-இல் அவரை இந்தப் பாலத்திலிருந்துதான் ஆற்றில் தள்ளினார்கள். சிலையின் அடியிலுள்ள வெண்கலப் பலகைகள் கறுத்திருக்க, அவற்றில் மக்கள் வேண்டுதலோடு தொடும் இடங்கள் மட்டும் கைபட்டுக் கைபட்டுப் பித்தளைக் குத்துவிளக்குபோலப் பளபளக்கின்றன. கறுப்பும் பொன்னிறமும் சேரும் அந்த விளிம்பை அருகில் சென்று எடுத்த படமே இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு காம்பா தீவில் இறங்கியபோது, புகைப்படக் கலைஞர் யோசெஃப் சுடெக் பற்றி வழிகாட்டி சொன்னார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த சுடெக், கனமான கேமராவையும் அதைத் தாங்கும் மர முக்காலியையும் சுமந்துகொண்டு பல பத்தாண்டுகள் இதே தெருக்களில் நடந்து படமெடுத்தவர். அவரைப் போல் ஓரிடத்தில் நிற்கப் பழகுங்கள் என்பதுதான் அன்றைய பாடம். பாடத்தை நடத்தியவரே அடுத்த அரை மணி நேரத்தில் அதை மறந்துவிட்டார்.

எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று பதிவு செய்யும்போது எழுதியிருந்தார்கள், வந்தவர்கள் பதினொருவர். பாலத்தில் அது தெரியவில்லை. காம்பாவின் குறுகிய சந்துகளில் பதினோரு முக்காலிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரத்தில் 9 மணிக்கு இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் வலம்வருவதைப் பார்த்தே தீர வேண்டும் என்று வழித்தடத்தை அமைத்திருந்ததால், கோட்டைக்கு ஏறும் நெருடோவா தெருவில் எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். 1410-ஆம் ஆண்டின் கடிகாரம் அது, மதிப்புக்குரியதுதான். ஆனால், சன்னல்கள் திறந்து உருவங்கள் நகர்ந்து எலும்புக்கூடு மணியடித்து முடிவதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அதற்காக ஆற்றைக் கடந்து ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து, உயர்த்திய கைப்பேசிகளுக்குப் பின்னால் நின்று, மற்றவர்களின் திரைகளைத்தான் நான் படமெடுத்தேன்.

அவர்கள் அவசரமாகக் கடந்த நெருடோவாவோ நின்று பார்க்க வேண்டிய தெரு. 1770-இல் வீடுகளுக்கு எண் வருவதற்கு முன், வாசலுக்கு மேல் பொறித்த சின்னமே வீட்டின் முகவரி. மூன்று வயலின், பொன் லாடம், சிவப்புச் சிங்கம் என்று அவை இன்றும் இருக்கின்றன; தெருவுக்குப் பெயர் தந்த எழுத்தாளர் யான் நெருடா வாழ்ந்த வீட்டின் சின்னம் இரண்டு சூரியன்கள். மறுநாள் காலை 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாகச் சென்று, மேட்டில் ஏறி இறங்கி ஒன்றரை மணி நேரம் செலவிட்டேன். செலவு, டிராம் டிக்கெட் மட்டுமே.

பாலத்தோடு முடியும் ஒரு மணி நேர நடை கிடைத்தால் தயங்காமல் சேரலாம். முழு நடையில்தான் சேர வேண்டுமென்றால், காம்பாவில் விடைபெற்றுக்கொண்டு, அருகிலுள்ள ஊயெஸ்ட் தெருவுக்குச் செல்லுங்கள். சுடெக்கின் ஸ்டூடியோ இருந்த உள்முற்றத்தில், தீயில் அழிந்த அந்த மரக்கொட்டகையைப் போலவே மீண்டும் எழுப்பிய சிறு கட்டடம் இருக்கிறது. காலணி மட்டும் தடித்த அடிப்பாகம் உள்ளதாக இருக்கட்டும். பனியில் நனைந்த பிராகின் சதுரக் கற்கள் வழுக்கும், முக்காலியின் காலும் அவற்றின் இடுக்கில் சரியாக ஊன்றாது.