கங்காருவா, காட்டாடா, மரையா? மெல்பேர்ன் சமையலறைக்கு எது பொருந்தும்

பண்ணை இறைச்சியைக் குறைக்க வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கறியைக் கைவிட மனமில்லை. மெல்பேர்னில் இப்படிப் பேசும் தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் கங்காரு, நம் இறைச்சிக் கடைகளில் எலும்போடு வெட்டித் தரும் ஆடு, உரிமம் எடுத்து நாமே சுட்டுக் கொண்டுவரும் மரை (தமிழ்நாட்டில் மிளா, கடமான்). மூன்றும் தீவனமும் கொட்டிலும் இல்லாமல் வெளியில் வளர்பவை. அதற்காக மூன்றையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது.

சூழல் கணக்கை மட்டும் பார்த்தால் கங்காருவை மிஞ்ச ஆளில்லை. மாடும் ஆடும் அசைபோடும்போது மீத்தேனை ஏப்பமாக வெளியே விடுகின்றன. கங்காருவின் குடலில் அந்த வாயு மிகக் குறைவாகவே உண்டாகிறது. வறட்சிக்குப் பழகிய மண்ணின் பிராணி அது. மாநில அரசுகள் விமானத்திலிருந்து எண்ணி, மதிப்பிட்ட தொகையில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் வரை சுட அனுமதிக்கின்றன. பெரும்பாலான ஆண்டுகளில் அந்த ஒதுக்கீட்டில் பாதிகூடச் சுடப்படுவதில்லை. உரிமம் பெற்றவர்கள் இரவில் விளக்கடித்துத் தலையில்தான் சுட வேண்டும் என்பது விதி. மந்தை வண்டியில் ஏறாமல், அறுப்புக்கூடத்தைப் பார்க்காமல், புல் மேய்ந்த இடத்திலேயே அதன் உயிர் போய்விடுகிறது.

உறுத்துவது குட்டிதான். பெண் கங்காருவைச் சுட்டால் பையிலிருக்கும் குட்டியையும் கொல்ல வேண்டும் என்று அதே விதிமுறை சொல்கிறது. சில நிறுவனங்கள் ஆண் கங்காருக்களை மட்டும் வாங்குகின்றன. பொதியில் அப்படி எழுதியிருந்தால் அதை எடுப்பேன்.

கங்காரு நம் வீடுகளில் தோற்பது சட்டியில். கருஞ்சிவப்பான அந்த இறைச்சியில் வெள்ளைக் கொழுப்பு இழைகூடத் தெரியாது. கொழுப்பு இரண்டு சதவீதம் அளவில்தான். அதை ஆட்டிறைச்சி போல ஒரு மணிநேரம் அவித்தால் செருப்புத் தோல்தான் மிஞ்சும். மெல்லிய கீற்றுகளாக வெட்டி, எண்ணெயும் இஞ்சி பூண்டும் மிளகும் பிரட்டி வைத்து, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் வாட்டி இறக்க வேண்டும். ஆனால் அரைவேக்காட்டுக் கங்காருவில் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இந்த முறை கூடாது. அங்கே அரைத்த கங்காருவே சரி. தேங்காய்ப்பூவும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்துக் கோலா உருண்டையாகப் பொரித்தால் உள்வரை வேகும், கொழுப்பில்லாத குறையும் தெரியாது.

ஆட்டின் கதை வேறு. 1788இல் முதல் கப்பல்களோடு வந்த இனம், பிறகு தப்பியும் கைவிடப்பட்டும் காட்டாடாகிவிட்டது. மேற்கு நியூ சவுத் வேல்ஸின் வறண்ட வெளிகளில் அது தொல்லை. கங்காருவின் சிறிய உறவான பாறை வாலபியின் தீனியைப் பறிக்கிறது, செடிகளை வேரோடு கடித்து எடுக்கிறது. நீர்நிலையைச் சுற்றி வேலியடித்து, உள்ளே போகலாம், வெளியே வர முடியாது என்ற வகைக் கதவு வைத்துப் பிடிப்பார்கள். ஆஸ்திரேலியாவின் ஆட்டிறைச்சியில் பெரும்பங்கு இப்படிக் கிடைப்பதுதான். எனவே உங்கள் பிரட்டல் கறி ஏற்கெனவே வேட்டை இறைச்சிக்குப் பாதி உறவாக இருக்கலாம். மீத்தேன் உண்டு, நீண்ட லாரிப் பயணமும் உண்டு. ஆடு நல்ல விலைக்குப் போகவே சில பண்ணைக்காரர்கள் அவற்றை வேலிக்குள் வைத்துப் பெருக்கவும் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் அது காட்டாடு என்பதில் என்ன பொருள்? சமையலில் மட்டும் குறையே சொல்ல முடியாது. எலும்பு, சவ்வு, வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள், இறக்கும் நேரத்தில் கொஞ்சம் இறைச்சிச் சரக்குத்தூள். கை தானாகவே செய்துவிடும்.

மரை நமக்கு முன்பே குடியேறியது. 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் விக்டோரியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று மலைக்காடெங்கும் பரவிவிட்டது. ஊரில் அதைத் தொட்டால் சிறை. இங்கே அரசே ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு, உடலைக் காட்டிலேயே அழுக விடுகிறது. 2019-20 காட்டுத்தீக்குப் பிறகு இந்த வேலை இன்னும் தீவிரமானது. அத்தனை இறைச்சி மண்ணுக்குப் போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஆனால் அதைச் சட்டி வரை கொண்டுவருவது எளிதல்ல. 1996இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் நடந்த துப்பாக்கிச்சூட்டுப் படுகொலைக்குப் பிறகு துப்பாக்கிச் சட்டம் இறுகியது, இறுக வேண்டியதும்தான். துப்பாக்கி உரிமம், வேட்டை உரிமம், பூட்டிய இரும்புப் பெட்டி எல்லாம் வேண்டும். மரை கண்ணில் படுவதற்கு முன் அதன் மூக்கில் நாம் பட்டிருப்போம். காலைத் தரையில் உதைத்து ஒரு கனைப்பு, பிறகு புதர் அசைவது மட்டும்தான் தெரியும். கிடைத்துவிட்டால் அதைவிடப் பெரிய வேலை. வளர்ந்த பெண் மரையே நூறு கிலோவைத் தாண்டும். உடனே குடலை எடுக்க வேண்டும், தொடைகளைத் தனித்தனியாகக் கழற்றித் துணிப்பையில் கட்டி, செங்குத்துச் சரிவில் முதுகில் ஏற்ற வேண்டும். கோடையில் ஈ மொய்த்துவிடும் என்பதால் குளிர்காலமே நல்லது. முதுகுத் தசையையும் கொம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் சூழலைப் பற்றிப் பேசக் கூடாது. விக்டோரியாவின் மலைப்பக்க ஊரான டார்கோவுக்குப் போக நான்கு மணிநேரம் டீசல் எரித்து வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் அந்தக் கணக்கைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஈயக் குண்டு பட்டால் காயத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஈயம் சிதறும், கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் சாப்பிடும் வீடென்றால் செப்புக் குண்டு கொஞ்சம் விலை கூடினாலும் அதுதான். பொழுதுபோக்கு வேட்டைக்காரர் இறைச்சியை விற்க முடியாது, நண்பர்களுக்குக் கொடுக்கலாம். மரைக் கணுக்கால் மூன்று மணிநேரம் மெல்லிய தீயில் கிடந்தால் சவ்வெல்லாம் கரைந்து குழம்பு உதட்டில் ஒட்டும். புட்டுக்கு அதற்கு மேல் ஒன்றில்லை.

என் தேர்வு இதுதான். வேட்டையில் ஏற்கெனவே ஊறிய நண்பர் இருந்து, முழு உடலையும் சுமந்து வர நீங்களும் போவீர்களானால், மரை. ஒரு பிராணி ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் வரும், காட்டுக்கும் நன்மை. துப்பாக்கியே வேண்டாம் என்றால் வாரநாளில் அரைத்த கங்காரு, விருந்துக்கு ஆடு. குறைக்க வேண்டியது பண்ணை மாட்டிறைச்சியைத்தான். கடையில் ஆடு வாங்கும்போது எந்தப் பக்கத்து ஆடு என்று கேளுங்கள். சில கடைக்காரர்களுக்கு உடனே பதில் தெரியும். மற்றவர்கள் அடுத்த முறை விசாரித்து வைத்திருப்பார்கள்.