அம்மாவின் கால் பெருவிரலும் நூலளவு நரம்பும்

இம்முறை இலங்கை மலையகத்தின் ஹட்டனில் கழித்த நான்கு வாரங்களின் பெரும்பகுதியை அம்மாவின் கால் பெருவிரலே எடுத்துக்கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய அந்தக் காலில், பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு உட்புறமாகப் புடைத்து, செருப்பே அணிய முடியாத நிலை வந்திருந்தது. கண்டியிலுள்ள அரச வைத்தியசாலையில் எலும்பை வெட்டி நேராக்க நாள் குறித்திருந்தார்கள். சிகிச்சைக்குச் செலவில்லை, வழியிலுள்ள கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் காலை நீட்டி வைத்து வருவதற்கு வேன் வாடகைதான் கொடுத்தோம்.

எனக்கிருந்த அச்சம் எலும்பைப் பற்றியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் சித்திக்கு வேறோர் இடத்தில் இதே சத்திரசிகிச்சை நடந்தது. விரல் நேரானது, ஆனால் அதன் மேற்புற உள்ளோரம் இன்றும் மரத்துக் கிடக்கிறது, தழும்பைத் தட்டினால் மின்சாரம் பாய்ந்ததுபோல் துடிக்கிறார். இப்படியும் நேரலாம் என்று அவருக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் கையொப்பமிட்ட படிவமோ சிங்களத்தில் இருந்தது.

ஆகவே கிளினிக்கில் வைத்தியரிடம் இதையே முதலில் கேட்டேன். அவர் எரிச்சலடையவில்லை. அம்மாவின் பாதத்தை உட்புறமாகத் திருப்பிக் கீழ்நோக்கி மடக்கியபோது, மெலிந்த தோலினடியில் கணுக்காலுக்கு முன்னால் நூல்போல ஒரு நரம்பு எழுந்தது. அதன் கிளையொன்றே பெருவிரலின் மேல் உள்ளோரத்துக்கு உணர்ச்சி தருகிறதென்றும், கீறல் மேற்புறமாகச் சரிந்தால் அகப்படுவது அதுதானென்றும், தமிழ் பேசும் தாதி ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கே விளக்கினார். அதனால் மேல் நரம்புக்கும் உள்ளங்கால் பக்கத்து நரம்புக்கும் நடுவே, மூட்டின் நேர் பக்கவாட்டில் கீறி, தோலைக் கடந்ததும் கத்தியை வைத்துவிட்டு மழுங்கிய கத்தரியால் திசுவை விலக்கி, நரம்பை ஒதுக்கிக் காத்த பின்னரே எலும்பைத் தொடுவதாகச் சொன்னார். தைக்கும்போதும் நரம்பு நூலில் சிக்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி.

அம்மாவுக்குச் சீனி வியாதி இருப்பதால், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்வு குறைந்த இடங்களை முன்பே கிளினிக் கொப்பியில் குறித்தார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், பின்னர் விரல் மரத்தால் அது பழைய நோயா புதிய காயமா என்று பிரித்தறிவது கடினம்.

தையல் பிரித்த அன்று விரல் லேசாக மரத்திருந்தது. இழுபட்ட நரம்பு மெல்ல மீளும், மாதங்கள் ஆகலாம் என்றார்கள். தாதி பஞ்சால் தொட்ட இடங்களை, கண்களை மூடியபடி அம்மா சரியாகவே சொன்னார். சித்திக்கும் அதே கிளினிக்கில் ஒரு நாள் எடுத்துக் கொடுத்துவிட்டே விமானம் ஏறினேன்.