மலைக் குளத்தடியில் கூடாரம்: முற்பணம் அனுப்ப முதல் வாசியுங்கள்

"ஹோட்டன் சமவெளியில் ஏரிக்கரை கேம்பிங். வான், சாப்பாடு, கூடாரம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 18,500 ரூபா" என்று யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் ஓடுகிறது. பாதிக் காசை முற்பணமாக வாங்கிக்கொண்டு எங்களை இறக்கிவிட்டது சமவெளியில் அல்ல. நுவரெலியாவுக்கு வெளியே, கரட்டும் லீக்ஸும் நட்ட தோட்டங்களுக்குக் கீழேயுள்ள ஒரு நீர்த்தேக்கக் கரையில்.

ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிந்து, குறித்த இடத்தில்தான் கூடாரம் அடிக்கலாம். அந்த அனுமதிச் சீட்டின் படத்தைக் கேளுங்கள். "அங்கை போய்ப் பாப்பம் அண்ணை" என்று பதில் வந்தால் அனுமதி இல்லை என்றே எடுங்கள்.

தந்த சாமான்கள் இடத்தைவிட மோசம். கூடாரம் ஒற்றைத் துணி, மேல்விரிப்பு இல்லை. மழை வராவிட்டாலும் மூச்சின் ஈரம் உள்ளே படிந்து விடியப்புறம் முகத்தில் சொட்டும். உறங்குபை "5 பாகை வரைக்கும் தாங்கும்" என்றார்கள். பையின் லேபலில் மூன்று எண்கள் இருக்கும்: வசதியாகத் தூங்கும் அளவு, எல்லை, உயிர் தப்பும் அளவு. அவர்கள் சொன்ன 5 மூன்றாவது; முதலாவது 15. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். தை, மாசியில் முகிலில்லாத இரவில் புல்லில் உறைபனி பிடிக்கும். முதலாவது எண் 5 அல்லது அதற்குக் கீழே இருக்கிற பைதான் வேண்டும். நுரைப்பாயும் கட்டாயம். படுத்தால் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடும், பிறகு குளிர் நிலத்திலிருந்துதான் ஏறும்.

காஸ் டின்னில் தனிப் பியூட்டேன். 0 பாகையை அண்டினால் அது வாயுவாக மாறாது. விடியத் தேத்தண்ணி வைக்க நெருப்பே பிடிக்கவில்லை. புரொப்பேன் கலந்த டின் கேளுங்கள். இல்லாவிட்டால் பற்றவைக்க முதல் டின்னைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றுங்கள், நெருப்பில் காட்டாதீர்கள்.

குடிக்கக் குளத்துத் தண்ணியைக் காட்டினார்கள். மேலே வேலை செய்துகொண்டிருந்த தோட்டக்காரர்தான் தடுத்தார்: "அண்ணே, நேத்துதான் மருந்தடிச்சோம், அந்தத் தண்ணிய எடுக்காதீங்க." கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது. சுன்னாகத்திலும் புன்னாலைக்கட்டுவனிலும் தோட்டம் செய்கிற ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சமையலும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் கொண்டுபோங்கள்.

நாங்கள் கூடாரத்தை அடித்திருந்ததும் அந்தத் தோட்டக்காரர் பம்புக் குழாய் இழுக்கிற பாதையில்தான், அவர் கேட்டவுடன் மாற்றினோம். கரையில் சருகு ஒதுங்கிய கோட்டுக்கு மேலேதான் அடிக்க வேண்டும், இரவு மழைக்கு நீர்மட்டம் ஏறும்.

முற்பணம் இன்னும் திரும்பவில்லை. பற்றுச்சீட்டு, வங்கிச் சிட்டை, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட் மூன்றையும் வைத்திருங்கள். நுகர்வோர் அதிகார சபையில் முறையிட 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். மிச்சக் காசை வானில் ஏற முதல் கேட்டால் கொடுக்காதீர்கள். உறங்குபையின் லேபலைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.