வன்னி வீதிக்கு மின்சார ஸ்கூட்டரா, பெற்றோல் மோட்டார் சைக்கிளா?

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இந்தத் தூரத்தை மனதில் வைத்தே இரண்டையும் பார்க்க வேண்டும். பெற்றோல் என்றால் யோசனையே இல்லை. 100 சிசி வண்டி ஒரு லீற்றரில் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் ஓடிவிடும். தீர்ந்தால் வழியில் அடித்துக்கொள்ளலாம். சாதாரண மின்சார ஸ்கூட்டர் போய்ச் சேர்ந்தாலும், திரும்பி வர மணிக்கணக்கில் சார்ஜ் போட வேண்டிவரும். பின்னால் ஒரு நெல் மூட்டை ஏற்றினால் தூரம் இன்னும் குறையும்.

ஆனால் கிளிநொச்சி நகருக்குள் வீட்டுக்கும் வேலைக்கும் மட்டும் ஓடுகிறவர்களுக்கு நான் மின்சாரத்தையே சொல்வேன். கைப்பிடியைத் திருகிய உடனேயே நல்ல இழுவை கிடைக்கும். எஞ்சின் ஒயில் மாற்றும் செலவு இல்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் காய்ந்த சனத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதேநேரம், போர்க்காலத்தில் வன்னிக்கு எரிபொருள் வராமல் தடுத்த பொருளாதாரத் தடையின்போது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது. ஸ்டார்ட் எடுக்க மட்டும் சொட்டுப் பெற்றோல் விட்டு, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அப்படி வளைந்து கொடுக்கும் குணம் பழைய எஞ்சின்களுக்கு இருந்தது. இன்றும் உள்ளூர்க் கராச்சில் பிரித்துப் பூட்டலாம். பற்றரி போனால் அது நடக்காது. வண்டி விலையில் பெரிய பங்கே அதுதான். வெயிலும் பற்றரிக்குப் பகை. ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல், நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள்.

வயல், காட்டுப்பாதை, தூர ஊர் என்று அலைகிறவர்கள் இப்போதைக்குப் பெற்றோலோடு இருங்கள். மின்சாரம் வாங்குகிறவர்கள் லித்தியம் பற்றரியா என்று முதலில் கேளுங்கள். ஈயப் பற்றரி மலிவு, ஆனால் பாரம் கூட, ஆயுளும் குறைவு.