முதியோர் இல்லத்து மருந்து அலமாரி: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சிறிய முதியோர் இல்லத்தில் மருந்துப் பொறுப்பு என்னுடையது. இங்கிருப்பவர்களில் பாதிப்பேர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர்கள். இனிப்புநீர் (நீரிழிவு), இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, இதில் ஒன்றுக்காவது மருந்து சாப்பிடாத ஆள் அரிது.

பூட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாவி வேலையில் இருப்பவர் கையில் இருந்தால் சரி. லேபல்தான் பெரிய விஷயம். ஆளுக்கொரு தட்டு வைத்திருக்கிறோம். கட்டில் எண் எழுதினால் உதவாது, கட்டில் மாறிக்கொண்டே இருக்கும். பெயர் மட்டும் போதுமா என்றால், தோட்டத்துப் பக்கம் லெட்சுமிக்கும் மாரியம்மாவுக்கும் பஞ்சமே கிடையாது. அப்பா பெயர், பிறந்த தேதி, படம் எல்லாம் சேர்த்து ஒட்டியபிறகுதான் நிம்மதி.

ஏழு நாள் மாத்திரை டப்பா வீட்டுக்கு நல்லது, எங்களுக்கு ஒத்துவரவில்லை. நடுவாரத்தில் டாக்டர் இரத்தக் கொதிப்பு மாத்திரையான அம்லோடிபினை நிறுத்தச் சொன்னால், பெயரில்லாத வெள்ளை மாத்திரைகளுக்குள் எதைத் தேடுவது? அதனால் கிளினிக் கொடுத்த பை, அதன் லேபலோடு அப்படியே இருக்கிறது. மாத்திரை அட்டையையும் காலாவதித் தேதி உள்ள முனை கடைசிவரை நிற்கும்படி மறுமுனையிலிருந்தே பிரிக்கிறோம்.

அதிகம் பாடுபடுத்துவது இன்சுலின். திறக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள், ஐஸ்பெட்டியின் (பிரிட்ஜ்) நடுத்தட்டில், மூடிபோட்ட டப்பாவில் இருக்கிறது. கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். பின்சுவரை ஒட்டினால் உறையும். உறைந்தது இளகினாலும் குப்பைக்குத்தான். சின்ன தெர்மாமீட்டர் ஒன்று உள்ளேயே கிடக்கிறது, காசுக்கேற்ற பொருள். திறந்த இன்சுலின் பேனாவை (பேனா வடிவ ஊசி) 30 டிகிரிக்குக் கீழே வெளியில் வைக்கலாம். பல வகைகளுக்கு 28 நாள்தான் கெடு, சிலவற்றுக்கு வேறு. உள்ளே வரும் தாளைப் பார்க்க வேண்டும். கெடு திறந்த நாளிலிருந்து ஓடுவதால் பெட்டியில் அச்சடித்த தேதியை மட்டும் நம்ப முடியாது. திறந்த தேதியை மார்க்கரில் எழுதிப் பார்த்தோம், ஸ்பிரிட் பஞ்சு பட்டதும் அழிந்தது. இப்போது காகிதப் பிளாஸ்திரி சுற்றி, பால்பாயிண்டில் பெயரும் தேதியும். அதுவும் பேனாவின் உடம்பில். மூடிகள் இடம் மாறிவிடும். ஊசிமுனையை மாற்றினாலும் ஒருவர் பேனா இன்னொருவருக்குக் கிடையாது.

இன்னும் தீராத தலைவலி, பிள்ளைகள் வாரக் கடைசியில் கொண்டுவரும் லேபலில்லாத லேகியமும் ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்தும். இறந்தவரின் மிச்ச மாத்திரையை “அதே மருந்துதானே, வேறு யாருக்காவது கொடுங்க மிசி (நர்ஸ்)” என்று நீட்டுபவர்களும் உண்டு. அந்த மிச்ச மருந்தை மட்டும் தனிப்பையில் கட்டி, அடுத்தமுறை மருந்து எடுக்கப் போகும்போது அரசாங்கக் கிளினிக் மருந்து கவுண்டரில் ஒப்படைத்துவிடுகிறோம். லேகியத்தைக் கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுப்போம், முகம் சுளித்தாலும்.